ஆம்பளைக்கும் வருமா

கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் போர் மோட்டார் நின்றுபோனால் முதலில் ரத்தினவேலுக்குத்தான் போன் வரும். எழுநூறு, எண்ணூறு அடி ஆழத்தில் கிடக்கும் மோட்டாரைக் குழாய் குழாயாகக் கழற்றி மேலே ஏற்றி, பழுது பார்த்து மறுபடி இறக்குவது அவர் தொழில். முப்பது வருஷமாக அதைத்தான் செய்துவந்தார். வயது ஐம்பத்தெட்டு. கூட வேலை பார்க்கும் செல்லமுத்து அவரைவிடப் பதினைந்து வயது இளையவன். வேலை நடக்கும் இடத்தில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "விடு", "நிறுத்து", "பிடி" என்ற மூன்று சொல்லிலேயே ஒரு நாள் போய்விடும்.

அவர் துணியைத் துவைப்பது மனைவி ராஜலட்சுமிக்குப் பெரிய பாடு. கிரீசும் செம்மண்ணும் துருவும் அப்பியிருக்கும். வெள்ளைப் பனியன் வாங்குவதையே அவள் நிறுத்திவிட்டிருந்தாள். அந்த வருஷம் பொங்கலுக்கு மகள் இளமதி விவரம் தெரியாமல் ஆறு வெள்ளைப் பனியன்கள் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை அவர் சித்திரையில்தான் எடுத்துப் போட ஆரம்பித்தார். மூன்றாம் நாளே ராஜலட்சுமியின் கண்ணில் அது பட்டது. இடப்பக்கம், மார்புக்கு நேராக, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போனது. மறுநாள் பனியனிலும் அதே இடத்தில் இருந்தது.

ஐந்தாவது பனியனில் பார்த்தபோது அவள் அதைத் துவைக்காமல் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது என்ன கறை?"

"துருவா இருக்கும். பைப்புல பட்டிருக்கும்."

"இப்ப எறக்குறதெல்லாம் பிளாஸ்டிக் பைப்புன்னுதானே சொல்றீங்க. துரு எங்கிட்டிருந்து வருது?"

அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அதுவும் தெனமும் ஒரே எடத்துலயா வரும்?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவரை அவள் வாசல் பக்கம் போக விடவில்லை. கதவைச் சாத்தினாள். "பனியனக் கழட்டுங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவர் கழற்றினார்.

இடது மார்பின் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு பொட்டு ஈரம். ராஜலட்சுமி இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். அடியில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று இருந்தது. அசையவில்லை.

"எப்பலேருந்து இருக்கு?"

"தை மாசத்துலேருந்து."

"நாலு மாசமா?"

"வலிக்கல. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்ல."

அது முழு உண்மையில்லை. குளிக்கும்போது விரலில் முதன்முதலாக அது தட்டுப்பட்ட அன்றைக்கே அவருக்குத் தெரியும். அவருடைய அம்மா இருளாயி அவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது செத்துப்போனாள். கடைசி ஒரு வருஷம் அவள் மார்பில் துணியை மடித்து வைத்துக்கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கமே படுத்திருந்தாள். யாரையும் கிட்டே வரவிடவில்லை. என்ன நோய் என்று வீட்டில் யாரும் பேர் சொன்னதில்லை. ஒருமுறை அவளை வண்டியில் ஏற்றுவதற்குத் தூக்கியபோது துணி விலகி அந்தப் புண்ணை அவர் பார்த்துவிட்டார். அதன் நாற்றம் வருஷக்கணக்கில் அவர் மூக்கில் இருந்தது. கல்யாணமாகி வந்த ராஜலட்சுமியிடம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் சொல்லியிருந்தார்.

குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்டதும் அவருக்கு அந்த நாற்றம் வந்தது. உடனே, 'நான் ஆம்பளை, எனக்கு எப்படி வரும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான்கு மாதமும் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினார். காலையில் எழுந்ததும் கை தானாக அங்கே போகும். சிறிதாகிவிட்டதா என்று பார்க்கும். ஒருநாள் சிறிதாகிவிட்ட மாதிரி தோன்றும். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவார். மறுநாள் பெரிதாகத் தெரியும்.

*

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பையும் பரிசோதிப்பார்கள். ராஜலட்சுமி அவரை அங்கே கூட்டிப்போனாள். பெஞ்சில் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். ராஜலட்சுமி உள்ளே போய் நர்ஸ் பிளெஸ்ஸியிடம் என்ன சொன்னாளோ, அந்தப் பெண்ணே வெளியே வந்து அவரைக் கூப்பிட்டாள்.

"இது பொம்பளைங்க வர்ற எடமாச்சே தங்கச்சி."

"நெஞ்சு எல்லாருக்கும்தானே ஐயா இருக்கு. வாங்க."

பிளெஸ்ஸி கலகலப்பான பெண். திரையை இழுத்துவிட்டபடியே, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மகளை எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தச் சொல்லி மார்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு அக்குளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அங்கே அவள் பேச்சு நின்றது. மறுபடியும் அதே இடத்தில் பார்த்தாள். கட்டியைப் பார்த்துக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை. அந்தப் பெண் பேச்சை நிறுத்தியதும் பயந்துவிட்டார்.

"தஞ்சாவூருக்கு எழுதித் தாரேன் ஐயா. நாளைக்கே போயிருங்க. நாளைக்கழிச்சுன்னு வைக்காதீங்க."

"என்னவா இருக்கும்?"

"டெஸ்ட் பண்ணாம சொல்லக்கூடாதுங்க ஐயா" என்றாள். சீட்டை எழுதி முடித்துவிட்டு ராஜலட்சுமியின் கையில் கொடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் மேமோகிராம் எடுக்கும் அறைக்கு வெளியே அவர் ஒருவர்தான் ஆண். பிடிப்பதற்குச் சதையில்லாத மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் இழுத்து வைத்து அழுத்தினார்கள். எடுத்த பெண் பாவம், "கொஞ்சம் பொறுத்துக்குங்க அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் ஊசியை விட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளில் வந்த எந்த வேலையையும் அவர் விடவில்லை. காலையில் செரியலூர், மத்தியானம் கொத்தமங்கலம் என்று ஓடினார். வேலையில் இருக்கும்போது பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். போன் அடித்தால் ஆஸ்பத்திரியோ என்று பதறி எடுப்பார். யாரோ ஒரு விவசாயி, தண்ணீர் கலங்கலாக வருகிறது என்பார். "வாரேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

பத்தாம் நாள் டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். மார்பகப் புற்றுநோய். அக்குளில் ஒரு நெறிக்கட்டிக்கும் பரவியிருக்கிறது. மற்ற இடத்தில் இல்லை. அறுவை சிகிச்சை செய்யலாம், பிறகு மருந்து ஏற்ற வேண்டும், கதிர்வீச்சு கொடுக்க வேண்டும்.

"ஆம்பளைக்கும் வருமாம்மா?"

"வரும். இந்த நோயோட நூறு பேர் வந்தா அதுல ஒருத்தர் ஆணா இருப்பார். ஆண்கள் பெரும்பாலும் தாமதமாத்தான் வருவாங்க. வீட்ல வேற யாருக்காவது இருந்திருக்கா? அம்மா, அக்கா தங்கச்சி?"

"நான் ஒரே புள்ளம்மா. யாருக்கும் இல்ல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது கேக்கணுமா?"

பிழைப்பேனா என்று அவர் கேட்பார் என்று ராஜலட்சுமி நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது வேறு. "ஊருக்குத் தெரியாம வைத்தியம் பாத்துக்க முடியுமாம்மா?"

*

ஊருக்கு ஹார்ட்டில் அடைப்பு என்று சொன்னார்கள். அதில் ஒரு வசதி இருந்தது. நெஞ்சில் கட்டுப் போட்டிருந்தாலும் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். வந்தவர்கள் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஒருவர் பூண்டைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார். மகளிடம் மட்டும் அந்தப் பொய் நிற்காது. இளமதி புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் குடைந்து கேட்பவள். அவளிடம், கொழுப்புக் கட்டி, எடுத்தாகிவிட்டது, நல்லபடியாக இருக்கிறார் என்றார்கள்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது இடப்பக்கம் பலகை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அதன் முனையில் இருந்த பையில் சிவப்பு நீர் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு சேர்ந்தது என்று நர்ஸ் அளந்து எழுதுவாள். குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். அவர் அந்தப் பையைப் பார்த்தபடியே படுத்திருப்பார். கட்டுப் பிரித்த அன்று குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக, குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். காம்பு இல்லை. வேலைக்குப் போகும் இடங்களில் மேல்துணி இல்லாமல் தண்ணீரில் நிற்கிற மனிதர் அவர். அதற்குப் பிறகு ராஜலட்சுமியின் முன்னால்கூடச் சட்டையைக் கழற்றவில்லை.

இடது கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கீறல் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கை வீங்கிவிட்டால் வீக்கம் வற்றுவது கஷ்டமாம். தினமும் காலையில் ராஜலட்சுமி ஒரு நூலை எடுத்து அவர் முன்னங்கையைச் சுற்றி அளப்பாள். நேற்றைய நூலோடு சேர்த்துப் பார்ப்பாள். அவர் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொள்வார்.

"சொல்லு, கூடிருச்சா?"

"அப்படியேதான் இருக்கு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நூல நீங்களே பாருங்க."

அவர் பார்க்கமாட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. முதல் நான்கு முறை ஏற்றியது ரோஸ்மில்க் மாதிரிச் சிவப்பாக இருந்தது. முதல் தடவை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் சிறுநீர் கழித்தபோது சிவப்பாகப் போயிற்று. அப்படிப் போகும், பயப்படாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவு வரவில்லை. கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு, "லெச்சுமி, ரத்தமாப் போகுது" என்றார். அவள் ஓடிவந்து பார்த்துவிட்டு மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து அவருக்குப் படித்துக் காட்டினாள்.

ஐந்தாம் நாள் வாய் முழுக்கப் புண். ரசம்கூட எரிந்தது. தண்ணீர் குடித்தால் இரும்பை நக்கியதுபோல் இருந்தது. டீசல் வாசம் பட்டால் குமட்டும். பதினைந்தாம் நாள் தலைமுடி தலையணையில் கிடந்தது. பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லி மொட்டை அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்த இளமதி அவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

காய்ச்சல் நூறைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காதாம். அதனால் தர்மாமீட்டரைக் கண்டாலே அவருக்குப் பயம். ராஜலட்சுமி தேதிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைப்பாள். ஒருநாள் நூற்றொன்று வந்துவிட்டது. கார் பிடித்து தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அவர் அவள் கையை விடவில்லை. பட்டுக்கோட்டையைத் தாண்டியதும், "நான் போயிட்டா அந்தச் செயின் பிளாக்க செல்லமுத்துக்கிட்ட குடுத்துரு" என்றார். மோட்டாரைத் தூக்கும் சங்கிலிக் கப்பியைத்தான் அப்படிச் சொன்னார். அவள், "வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள். நான்கு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள்.

*

அடுத்து ஏற்றிய மருந்துக்கு வாந்தி குறைவு. விரல்கள்தான் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. காலில் செருப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் வீட்டில் கிடந்தால் நினைப்பு மென்று தின்றது. செல்லமுத்துவோடு சும்மா போய் நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சேந்தன்குடியில் குழந்தைசாமி என்பவரின் தோப்பு. மோட்டார் இறங்கிக்கொண்டிருந்தது. செல்லமுத்து சங்கிலியைப் பிடித்திருந்தான். குழாயைப் பிடிக்கும் கிளாம்ப்பின் நட்டை முறுக்க ஆள் இல்லை என்று ரத்தினவேல் ஸ்பேனரை எடுத்தார். அது கையை விட்டுப் போனதே அவருக்குத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. போருக்குள் டக், டக் என்று சுவரில் மோதிக்கொண்டே இறங்கி, பிறகு நின்றுவிட்டது.

முப்பது வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விட்டவரில்லை அவர். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இரும்பு சிக்கினால் மோட்டார் அங்கேயே மாட்டிக்கொள்ளும், போரே வீணாகிவிடும். செல்லமுத்து சங்கிலியைப் பூட்டிவிட்டு அவர் கையைப் பார்த்தான். கை இன்னும் ஸ்பேனரைப் பிடித்திருக்கும் மாதிரியே மடங்கியிருந்தது.

"அண்ணே, ஹார்ட்டுக்கு வெரல் மரத்துப்போகுமா?"

அவர் போர் மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹார்ட் இல்லடா."

குழந்தைசாமி டீ வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ரத்தினவேல் எல்லாவற்றையும் சொன்னார். மார்பு என்ற சொல் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார். செல்லமுத்து சிரித்துவிடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. அங்கிட்டுத் திரும்பி நின்று, சட்டைக்குள் கையை விட்டு இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்றான். பிறகு, "நீங்க அங்கிட்டுப் போயி உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

இறக்கிய குழாயையெல்லாம் திரும்ப மேலே ஏற்றினார்கள். பதினோராவது குழாயின் இணைப்பில் ஸ்பேனர் சிக்கிக்கொண்டு கூடவே வந்தது. நல்லவேளை. அன்றோடு ரத்தினவேல் போர் மேட்டில் கைவைப்பதை விட்டார். ஸ்டார்ட்டர் பெட்டியைச் சரிபார்ப்பது, வயர் இணைப்பைச் சோதிப்பது என்று ஒதுங்கிக்கொண்டார்.

*

மருந்தெல்லாம் முடிந்து கதிர்வீச்சுக்கு நாள் குறித்தபோது டாக்டரம்மா பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். ஆணுக்கு இந்த நோய் வந்தால் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்றார்.

"அம்மா எதுல இறந்துபோனாங்க?"

ரத்தினவேல் ராஜலட்சுமியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். துணியை மடித்துக் கட்டியதை, கொட்டகையை, வண்டியில் ஏற்றியதை. ராஜலட்சுமி கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "முப்பத்தஞ்சு வருசம்" என்று மட்டும் சொன்னாள்.

ரத்தம் சென்னைக்குப் போய் ரிசல்ட் வர ஐந்து வாரம் ஆயிற்று. மரபணுவில் கோளாறு இருக்கிறது என்று வந்தது. தாயிடமிருந்து வந்திருக்கும், பிள்ளைக்குப் போயிருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டார்.

"முப்பத்துமூணு."

"அவங்க வரணும். இப்பவே பார்க்க ஆரம்பிச்சா, வந்தாலும் சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம்."

அதுவரை அவர் பட்ட பயமெல்லாம் தன் உடம்புக்குள் இருந்த பயம். சாவு வந்தால் தன்னோடு முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு இருந்தது. இப்போது அது வீட்டை விட்டுக் கிளம்பிப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டது. இளமதிக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தது.

மகளிடம் சொல்வதற்காக அவர் மூன்று தடவை புதுக்கோட்டைக்குக் கிளம்பினார். முதல் தடவை ஆலங்குடியில் இறங்கி எதிர்ப் பஸ் ஏறித் திரும்பிவிட்டார். இரண்டாம் தடவை ஒரு பலாப்பழத்தோடு போய், சாப்பிட்டு, பேத்தியோடு கேரம் விளையாடிவிட்டு வந்தார். மூன்றாம் தடவை மாப்பிள்ளை பிரவீன்குமார் பேத்தியைக் கடைக்குக் கூட்டிப்போன நேரத்தில், சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"ஆத்தா, எனக்கு எடுத்தது கொழுப்புக் கட்டி இல்ல."

இளமதி அடுப்பை அணைத்தாள்.

"தெரியும்ப்பா. கொழுப்புக் கட்டிக்கு யாருக்கு புருவம் கொட்டும்? நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நுரையீரலா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். அந்தத் தழும்பை டாக்டர்களையும் நர்ஸுகளையும் தவிர முதலில் பார்த்தது அவள்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவைப் பற்றிச் சொன்னார். ரத்தத்தில் வந்ததைச் சொன்னார். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். கணக்கு டீச்சரிடம் அதை அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"எனக்கா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "பாப்பாவுக்கா?"

"ஒனக்கு இருந்தாத்தான் அவளுக்கு. ஒனக்கு இல்லன்னா இல்ல. ஒரு டெஸ்ட்டு எடுத்தா..."

"வேணாம்ப்பா."

"மதி..."

"வேணாம். தெரிஞ்சுக்கிட்டா நான் தூங்கமாட்டேன். நீங்க கெளம்புங்கப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் கிளம்பினார். அடுத்த எட்டு மாதம் அவள் போனில் சாப்பாட்டையும் மழையையும் பற்றித்தான் பேசினாள். அவரும் வற்புறுத்தவில்லை. கதிர்வீச்சு முடிந்தது. தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. அது உள்ளிருந்து நெருப்பை மூட்டிவிட்டதுபோல் திடீர் திடீரென்று உடம்பை வேகவைக்கும். மார்கழிக் குளிரில் வேர்த்துக் கொட்டும். "எனக்கு மாதவிடாய் நின்னப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்று ராஜலட்சுமி சொன்னாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவர் மனம் முழுக்க மகள்தான். அவள் இருமினால் பயம். ஒரு போட்டோவில் மெலிந்து தெரிந்தாள், அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பிரவீன்குமாரே கூப்பிட்டான். "மாமா, குளிக்கப் போனா முக்கால் மணி நேரம் ஆகுது. அழுத்தி அழுத்திப் பாத்து நெஞ்செல்லாம் கன்னிப்போயிருக்கு. நீங்க பேசுங்க." அவர் பேசுவதற்கு முன்னால் அவள் போனை வாங்கிவிட்டாள்.

"அப்பா, வியாழக்கெழம லீவு போட்டிருக்கேன். கூட வாரீங்களா?"

*

இளமதிக்கும் இருந்தது. அதைக் கேட்டபோது அவள் அழவில்லை. நோட்டை எடுத்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். இருப்பதால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., மேமோகிராம். சூலகத்தை எடுப்பது, மார்பை முன்கூட்டியே எடுப்பது பற்றியெல்லாம் பின்னால் நிதானமாகப் பேசலாம் என்றார். பேத்திக்கு இப்போது எதுவும் பார்க்க வேண்டியதில்லை, பெரியவளான பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்றார்.

முதல் ஸ்கேனிலேயே வலப்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அவள் உள்ளே இருந்த இருபது நிமிஷமும் ரத்தினவேல் நாற்காலியில் உட்காரவில்லை. மாத்திரையின் வேக்காடு கிளம்பிச் சட்டை நனைந்தது. தனக்கு ஊசி போட்டபோது இவ்வளவு பயந்தோமா என்று யோசித்தார். இல்லை. வெளியே வந்தவள் அவர் நனைந்திருப்பதைப் பார்த்து, "மழையாப்பா?" என்று கேட்டாள்.

ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவள் பள்ளிக்கூடம் போனாள், அவர் செல்லமுத்துவோடு ஸ்டார்ட்டர் பெட்டி பார்க்கப் போனார். ஒரு தோப்பில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. செல்லமுத்து பேசாமல் சரிசெய்தான்.

எட்டாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். சாதாரண நார்க்கட்டி. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "சரி ஆத்தா" என்று போனை வைத்துவிட்டு அவர் தென்னையில் சாய்ந்து நின்றார். சந்தோஷம் வரும் என்று நினைத்தார். காலையில் சாப்பிடவில்லை என்பதுதான் நினைவு வந்தது. அவ்வளவுதான். அடுத்த வருஷ ஸ்கேன் சுத்தமாக இருந்தது.

ஊரில் இப்போது எல்லாருக்கும் தெரியும். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, அவர் விசாரிக்கவும் இல்லை. சிலர் பேச்சை நிறுத்திப் பார்ப்பார்கள். இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டுத் தங்கள் மார்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்கள். ஒருவருக்கு வெறும் கொழுப்பு. இன்னொருவரைப் பிளெஸ்ஸியிடம் அவரே கூட்டிப்போனார். அதுவும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவருடைய இடது கை லேசாக வீங்கியிருக்கிறது. இறுக்கமான உறை போட்டுக்கொள்கிறார். விரலில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய வாரம் அவர் யாரோடும் பேசுவதில்லை. ராஜலட்சுமி அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "அவருக்கு ஒடம்பு முடியல" என்று சொல்லிவிடுகிறாள்.

இந்தப் பங்குனியில் இளமதிக்கு மூன்றாவது ஸ்கேன். தேதி வந்துவிட்டது. வியாழக்கிழமை. நேற்று மாலை அவள் கூப்பிட்டாள். பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கியதைச் சொன்னாள். புதுக்கோட்டையில் வெயில் தாங்கவில்லை என்றாள். ஸ்கேன் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன் ஆத்தா. நீ?"

"நானும் சாப்பிட்டேன்."

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. ராஜலட்சுமி தட்டை மூடிவைத்திருந்தாள்.